இடம் இருந்தால் ஏற்றிக்கொள்ளலாம்

ரயிலில் சைக்கிளைக் கொண்டுபோகலாமா என்று விசாரித்தால் பல ஊர்களில் ஒரே மாதிரி பதில்தான் வருகிறது: இடம் இருந்தால் ஏற்றிக்கொள்ளலாம். கேட்பதற்கு இதமான பதில்தான். ஆனால் தினமும் வேலைக்குப் போகிற ஒருவர் இதை நம்பிக் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்ப முடியாது. இடம் இருக்கிறதா இல்லையா என்பது ரயில் வந்து நின்று, கதவு திறந்த பிறகுதான் தெரியும். நகர ரயில்களில் அந்தக் கதவு திறந்திருப்பதோ அரை நிமிடம். அதற்குள் உள்ளே எட்டிப் பார்த்து, நின்றிருப்பவர்களின் முகத்தைப் பார்த்து, ஏறுவதா அடுத்த ரயிலுக்குக் காத்திருப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். அடுத்த ரயிலிலும் இதே கதைதான்.

சைக்கிளையும் ரயிலையும் சேர்த்துப் பயணம் செய்வதைப் போல எனக்குப் பிடித்த பயணம் வேறில்லை. அதனால்தான் இந்த நிச்சயமின்மை என்னை இவ்வளவு உறுத்துகிறது. இரண்டும் சேர்ந்தால் கிடைக்கிற பலன் பெரிது. நிதானமாக நடந்தால் 10 நிமிடத்தில் ஏறக்குறைய 800 மீட்டர் போகலாம். அதே 10 நிமிடம் வியர்க்காமல் மிதித்தால்கூட இரண்டரை கிலோமீட்டருக்குக் குறையாது. தூரம் மூன்று மடங்கு என்றால் பரப்பளவு ஒன்பது மடங்கு. அதாவது ஒரு நிலையத்துக்கு நடந்து வரக்கூடியவர்கள் வாழும் வட்டத்தைப் போல ஒன்பது மடங்கு பெரிய வட்டத்திலிருந்து மக்கள் சைக்கிளில் வந்து சேரலாம். புதிதாக ஒரு தண்டவாளம் போட வேண்டாம், இணைப்புப் பேருந்து விட வேண்டாம். மனிதர்களின் கால்களே அந்த வேலையைச் செய்துவிடும்.

ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு முனைகள் இருக்கின்றன. வீட்டுப் பக்கத்து நிலையத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு ஏறிவிடலாம். இறங்கிய பிறகு? அலுவலகம் நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தால், சைக்கிள் நிஜமாகவே தேவைப்படுவது அங்கேதான். சைக்கிளை ரயிலுக்குள் ஏற்ற வேண்டிய தேவையே இந்த இரண்டாவது முனையில்தான் பிறக்கிறது.

இதற்கு நெதர்லாந்து ஒரு தெளிவான பதில் வைத்திருக்கிறது. ஏற்றாதே, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைத்துக்கொள் என்பதுதான் அது. அங்கே வார நாட்களில் காலை 6.30 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 6.30 வரையும் முழு சைக்கிளை ரயிலில் ஏற்றக் கூடாது. மற்ற நேரங்களில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட். கேட்கும்போது கண்டிப்பாகத் தோன்றும். ஆனால் அந்தக் கண்டிப்புக்கு ஈடாக அவர்கள் செய்திருப்பதைப் பாருங்கள். உட்ரெக்ட் நிலையத்துக்கு அடியில் 12,500 சைக்கிள்களை நிறுத்தும் இடம் 2019-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. நிறுத்துமிடத்துக்குள்ளேயே சைக்கிளை ஓட்டிக்கொண்டு போகலாம், அங்கிருந்து இறங்கி நேராக நடைமேடைக்கு ஏறலாம். இறங்குகிற நிலையத்தில் ஓவி-ஃபீட்ஸ் என்ற வாடகை சைக்கிள் காத்திருக்கிறது. ரயில் டிக்கெட்டுக்குப் பயன்படுகிற அதே அட்டையைக் காட்டி எடுத்துக்கொண்டு போகலாம். இரண்டு முனைக்கும் வழி செய்துவிட்ட பிறகுதான் நடுவில் இருக்கும் ரயிலில் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். அது நியாயம்.

மற்ற ஊர்கள் நெதர்லாந்தைப் பார்த்துத் தடையை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் அநியாயம். நெரிசல் நேரத்தில் சைக்கிள் கூடாது என்ற பலகையை மாட்டுவதற்கு ஒரு நாள் போதும். காவலும் கூரையும் உள்ள நிறுத்துமிடம் கட்டப் பல ஆண்டுகள் ஆகும், பணம் ஆகும். பலகை வந்துவிடுகிறது, நிறுத்துமிடம் வருவதில்லை. சைக்கிள்காரர் இரண்டு பக்கமும் கைவிடப்படுகிறார்.

வாடகை சைக்கிள் எல்லாருக்கும் பொருந்தாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பின்னால் குழந்தை இருக்கை கட்டியவருக்கு அந்த சைக்கிள்தான் வேண்டும். சைக்கிளிலேயே பொருள் விநியோகிப்பவருக்கு அது தொழில் கருவி. நடப்பதைவிட மிதிப்பது எளிதாக இருக்கிற மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள். மூட்டுவலியால் நூறு மீட்டர் நடக்க முடியாத ஒருவர் ஐந்து கிலோமீட்டர் அலுங்காமல் ஓட்டிவிடுவார். அவருடைய சைக்கிள் அவருக்கு ஊன்றுகோல். ஆனால் விதிமுறைகளில் அது பெரும்பாலும் சாமான் கணக்கில்தான் வருகிறது.

சரி, ரயில் நடத்துபவர்களின் கஷ்டத்தையும் நேர்மையாகப் பார்ப்போம். சாதாரண சைக்கிள் ஏறக்குறைய 1.75 மீட்டர் நீளம். ஹேண்டில் 60 சென்டிமீட்டர் அகலம். பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்குச் சற்று மேல். நகர ரயில்களைத் திட்டமிடும்போது, நின்றுகொண்டு வருபவர்களுக்குச் சதுர மீட்டருக்கு நான்கு பேர் என்று கணக்கு வைப்பது பரவலான வழக்கம். ஆக ஒரு சைக்கிள் நான்கு பேரின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. காலை எட்டரை மணிக்கு மூச்சுவிட இடமில்லாத பெட்டியில் அந்த நான்கு பேரை நடைமேடையில் விட்டுவிட்டு என் சைக்கிளை ஏற்று என்று கேட்க எனக்கு மனம் வராது. ஆனால் அந்த நெரிசல் ஒரு திசையில், நாளுக்குச் சில மணி நேரம், வழியின் ஒரு பகுதியில் மட்டும் இருக்கிறது. காலையில் நகரத்தை நோக்கி வரும் ரயில் பிதுங்கி வழியும்போது, எதிர்த்திசையில் போகும் ரயில் பாதி காலியாக ஓடுகிறது. தடை மட்டும் இரண்டு திசைக்கும் ஒன்றாகப் போடப்படுகிறது. திசை பார்த்து விதி எழுதினாலே பலருடைய பிரச்சினை தீர்ந்துவிடும்.

கோபன்ஹேகன் துணிந்து வேறு வழியில் போனது. அங்குள்ள எஸ்-டோக் என்ற புறநகர் ரயிலில் 2010-இல் சைக்கிள் கட்டணத்தை அடியோடு நீக்கினார்கள். ஆண்டுக்கு 21 லட்சமாக இருந்த சைக்கிள்களின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் 90 லட்சத்தைத் தொட்டது. அனுமதி மட்டும் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது. பெட்டியின் உட்புறத்தையே மாற்றினார்கள். சுவரோரம் மடிந்துகொள்ளும் இருக்கைகள், அவற்றுக்குக் கீழே சக்கரம் நுழையும் தடுப்புகள். சைக்கிள் வந்தால் சைக்கிளுக்கு, வராவிட்டால் ஆட்களுக்கு. பெட்டியின் வெளிப்புறத்தில் பெரிய சைக்கிள் படம். ரயில் நடைமேடைக்குள் நுழையும்போதே எங்கே போய் நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும். அந்தப் படத்துக்கு ஆகும் செலவு ஒன்றும் பெரிதில்லை. அது இல்லாத ரயில்களில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கலிஃபோர்னியாவின் கால்ட்ரெயினில் நான் மிகவும் மதிக்கும் ஒரு பழக்கம் உண்டு. 1992 முதலே சைக்கிள் ஏற்றும் ரயில் அது. 2024-இல் வந்த மின்சார ரயில்களில் இரண்டு பெட்டிகளில் பெட்டிக்கு 36 வீதம் 72 சைக்கிள்கள் வைக்கலாம். ஒரு தாங்கியில் நான்கு சைக்கிள்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்துக் கட்டுகிறார்கள். அப்படியானால் அடியில் இருப்பவர் முதலில் இறங்க வேண்டியிருந்தால்? அதற்காக ஒவ்வொருவரும் தான் இறங்கும் நிலையத்தின் பெயரை ஓர் அட்டையில் எழுதி சைக்கிளில் தொங்கவிட்டிருப்பார்கள். ஏறுகிறவர் அட்டையைப் படிப்பார். கடைசிவரை போகும் சைக்கிள் சுவரோரம், சீக்கிரம் இறங்குவது வெளிப்பக்கம். கூட்டமான ரயிலில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் வழிவிட ஓர் அட்டைத் துண்டு போதுமாக இருக்கிறது. சைக்கிள்களை அனுமதித்தால் குழப்பம்தான் மிஞ்சும் என்று சொல்பவர்களிடம் நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். இந்தியாவில் கொச்சி மெட்ரோவும் 2020 நவம்பரில், முதலில் ஆறு நிலையங்களில் மட்டும், சைக்கிள்களைக் கட்டணமில்லாமல் உள்ளே விடத் தொடங்கியது. சிறிதாகத் தொடங்கிப் பார்ப்பதும் நல்ல வழிதான்.

ரயிலுக்குள் இடம் கிடைத்தாலும் நடைமேடைக்குப் போய்ச் சேர்வது தனிப் போராட்டம். பல நிலையங்களில் இருக்கும் லிஃப்ட், சக்கர நாற்காலியைக் கணக்கில் வைத்துச் செய்த 1.1 மீட்டர் அகலமும் 1.4 மீட்டர் ஆழமும் உள்ள பெட்டி. 1.75 மீட்டர் சைக்கிள் அதற்குள் நேராகப் போகாது. மூலைக்கு மூலை அளந்தால் 1.78 மீட்டர் வரும். அதாவது குறுக்காகத் திணித்தால் மூன்று சென்டிமீட்டர் மிச்சம். அப்படித் திணித்தால் வேறு யாரும் ஏற முடியாது. பின்சக்கரத்தில் நிறுத்தி, முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டால் பாதி இடம் போதும். பின்பிரேக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சைக்கிள் உருண்டு நழுவும். லிஃப்டில் சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ காத்திருந்தால் அவர்கள்தான் முதலில் போக வேண்டும். அதில் பேச்சே இல்லை.

லிஃப்ட் இல்லாத இடத்தில் படிக்கட்டு. படியோரம் சக்கரம் உருளும்படி ஒரு சிறு வாய்க்கால் போட்டிருந்தால் 15 கிலோ சைக்கிளைக்கூடச் சிரமமில்லாமல் தள்ளிக்கொண்டு ஏறலாம். பல இடங்களில் அந்த வாய்க்காலைச் சுவரை ஒட்டியே போட்டுவிடுவார்கள். சைக்கிளின் பெடல் சுவரில் இடிக்கும், ஹேண்டில் கைப்பிடிக் கம்பியில் மாட்டும். போட்டவர் ஒரு முறையாவது ஒரு சைக்கிளை வைத்து உருட்டிப் பார்த்திருந்தால் இரண்டு சாண் தள்ளிப் போட்டிருப்பார்.

சைக்கிளைச் செங்குத்தாகத் தொங்கவிடும் கொக்கிகளும் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. குறைந்த இடத்தில் நிறைய சைக்கிள் வைக்கலாம், உண்மைதான். ஆனால் முன்சக்கரத்தைத் தலைக்கு மேலே தூக்கி மாட்ட உயரமும் தோள் வலுவும் வேண்டும். குள்ளமானவர்கள், வயதானவர்கள், கர்ப்பிணிகள், கேரியரில் பை கட்டியவர்கள், 25 கிலோ மின் சைக்கிள் வைத்திருப்பவர்கள் எல்லாரும் அந்தக் கொக்கியின் முன்னால் நின்று யாராவது உதவ வருவார்களா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. தரையில் உருட்டிக்கொண்டு போய் நிறுத்துகிற இடமாவது ஒன்றிரண்டு இருந்தால் போதும்.

பேருந்தின் கதை வேறு. உள்ளே இடம் கேட்கவே முடியாது. அதனால் வெளியே தொங்கவிடலாம் என்ற யோசனை அமெரிக்காவில் வேரூன்றியது. 1990களில் சியாட்டில் நகரப் பேருந்துகளின் முன்பம்பரில் மடங்கும் தாங்கிகள் பொருத்தப்பட்டன. பிறகு அந்த நாடு முழுவதும் பேருந்துகளில் அது சாதாரணமாகிவிட்டது. முன்னால் மாட்டுவதன் நன்மை, டிரைவர் கண்ணெதிரிலேயே சைக்கிள் இருக்கிறது. திருட்டுப் பயம் குறைவு, ஆள் மாட்டும்போது வண்டி நகர்ந்துவிடாது. பழகியவருக்கு அரை நிமிட வேலை. டிரைவருக்குக் கை காட்டிவிட்டு, தாங்கியைக் கீழே இழுத்து, சக்கரங்களைப் பள்ளத்தில் இறக்கி, வளைந்த கொக்கியை முன்சக்கரத்தின் மேல் போட்டால் முடிந்தது. கொக்கி சக்கரத்தைத்தான் பிடிக்க வேண்டும், ஃபிரேமை அல்ல. தளர்வாகக் கட்டிய தண்ணீர் பாட்டிலையும் பையையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது டிரைவரிடம் சைக்கிளை எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு முன்பக்கமாகப் போங்கள்.

குறையும் உண்டு. பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று சைக்கிள்தான். மூன்றாவது ஆளோ நான்காவது ஆளோ நின்றுவிட வேண்டியதுதான். அரை மணிக்கு ஒரு பேருந்து வரும் பாதையில் அது பெரிய தண்டனை. தாங்கி பேருந்தின் நீளத்தைக் கூட்டுவதால் குறுகலான தெருத் திருப்பங்களிலும் பணிமனைகளிலும் சிக்கல். பாதசாரிகளின் பாதுகாப்பை முன்னிட்டு ஐரோப்பாவில் முன்தாங்கிகள் பரவவில்லை. மலைப்பகுதிகளில் பின்னால் மாட்டும் தாங்கியோ சைக்கிளுக்கான இழுவை வண்டியோதான். மலை என்றதும் ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரில், தண்டவாளத்தின் நடுவிலுள்ள பற்களைப் பற்றிக்கொண்டு மேடேறும் பல்சக்கர ரயில் நினைவுக்கு வருகிறது. 1884 முதல் ஓடுகிறது. அதன் முன்னால் சைக்கிள்களுக்கென்றே ஒரு திறந்த தட்டு வண்டியை வைத்து மேட்டில் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. எந்த இடத்தில் சைக்கிள்காரருக்கு உதவி தேவையோ அந்த இடத்தில் கிடைக்கிற உதவி என்று எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

இந்தத் தொல்லை எல்லாவற்றுக்கும் விடையாக மடக்கு சைக்கிளைச் சொல்வார்கள். ஆண்ட்ரூ ரிச்சி 1970களின் நடுவில் லண்டனில் வடிவமைக்கத் தொடங்கிய பிராம்ப்டன் என்ற சைக்கிள், மடக்கினால் 58.5க்கு 56.5க்கு 27 சென்டிமீட்டர். ஒரு நடுத்தரப் பெட்டியின் அளவு. செயின் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் மறைந்துவிடுவதால் பக்கத்தில் நிற்பவர் உடையில் எண்ணெய்க் கறை படாது. நெரிசலான ரயிலில் இது எவ்வளவு பெரிய மரியாதை! நெதர்லாந்தின் நெரிசல் நேரத் தடைகூட மடக்கியதற்குக் கிடையாது. ஜப்பானில் இன்னொரு வழி. முழு சைக்கிளின் சக்கரங்களைக் கழற்றி ஒரு பைக்குள் போட்டு மூடிவிட்டால் ரயிலில் ஏற்றலாம். நீள அகல உயரம் மூன்றையும் கூட்டினால் 250 சென்டிமீட்டருக்குள், எடை 30 கிலோவுக்குள் இருக்க வேண்டும். இருக்கையோ ஹேண்டிலோ பைக்கு வெளியே துருத்தக் கூடாது. விதி கடுமைதான். ஆனால் அளவு தெரிகிறது, என்ன செய்தால் ஏற்றுவார்கள் என்பது வீட்டிலேயே தெரிகிறது. "இடம் இருந்தால்" என்ற தாராளத்தைவிட இந்தக் கடுமை எனக்கு எவ்வளவோ மேல். ஆனாலும் நல்ல மடக்கு சைக்கிள் விலை அதிகம். ஏற்கெனவே ஒரு சைக்கிள் வைத்திருக்கும் கூலித் தொழிலாளியிடம் இன்னொன்று வாங்கு என்று சொல்வதைப் பொதுப் போக்குவரத்தின் கொள்கையாக என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது புதிதாக வந்திருக்கும் கவலை மின்கலம். லித்தியம் அயன் மின்கலம் தீப்பிடித்தால் எளிதில் அணையாது, நச்சுப்புகை வேறு. சுரங்க ரயிலில் அது விளையாட்டு இல்லை. லண்டன் நகரப் போக்குவரத்தில் 2021 டிசம்பரில் மின் ஸ்கூட்டர்களைத் தடை செய்தார்கள். 2025 மார்ச் 31 முதல் மடக்க முடியாத மின் சைக்கிள்களையும் பெரும்பாலான சேவைகளில் நிறுத்திவிட்டார்கள். பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் சாதாரண சைக்கிளில் மலிவான மோட்டாரையும் மின்கலத்தையும் ஒட்டவைத்து ஓட்டுவதும், தரச் சோதனை முடித்து வரும் சைக்கிளும் ஒன்றாகாது. தரச் சான்று பெற்ற மின்கலத்துக்குப் பார்த்தவுடன் தெரிகிற முத்திரை ஒன்று வந்தால் நல்ல சைக்கிள் வைத்திருப்பவர் தண்டிக்கப்பட மாட்டார்.

ஏற்றுகிறவர்களின் பங்கும் இருக்கிறது. முதலில் எல்லாரும் இறங்கட்டும். செயின் உள்ள பக்கத்தைச் சுவரை நோக்கித் திருப்பி வையுங்கள், அது பிறர் உடையைக் காப்பாற்றும். மழையில் வந்திருந்தால் சக்கரத்தை ஒரு துணியால் துடையுங்கள், நனைந்த தரையில் வழுக்கி விழுபவர் உங்கள் வீட்டுப் பெரியவராக இருக்கலாம். சைக்கிளைச் சாய்த்துவிட்டு நாலு வரிசை தள்ளிப்போய் உட்காராதீர்கள். ரயில் பிரேக் போடும்போது அதைப் பிடிக்க ஆள் வேண்டும். ஒரு பழைய ரப்பர் துண்டால் முன்பிரேக் பிடியை இறுக்கிக் கட்டிவிட்டால் சைக்கிள் உருளாது, எனக்கு மிகவும் உதவிய சின்னத் தந்திரம் இது. கதவை மறித்து நிற்காதீர்கள். இவற்றையெல்லாம் செய்துவிட்டால் சக பயணிகள் முகம் சுளிப்பது அபூர்வம். சைக்கிளைப் பார்த்துப் பேச்சுக் கொடுப்பவர்கள்தான் அதிகம்.

எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த ரயில் பயணிகள் உரிமைச் சட்டம். 2021-இல் நிறைவேறி 2023 ஜூன் 7 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜூன் 7 முதல், புதிதாக வாங்கப்படும் ரயில்களிலும் பெரிய அளவில் புதுப்பிக்கப்படும் ரயில்களிலும் பொதுவாகக் குறைந்தது நான்கு சைக்கிள்களுக்கு இடம் இருக்க வேண்டும் என்கிறது. ஒரு ரயிலுக்கு நான்கு என்பது சொற்பம்தான். அதே சட்டத்தில் இருக்கும் இன்னொரு வரிதான் எனக்கு முக்கியம். சைக்கிளுக்கு முன்பதிவு செய்தவரை நியாயமான காரணம் இல்லாமல் ஏற்ற மறுத்தால், அவருக்கு மாற்றுப் பயணமோ பணமோ தர வேண்டும், இழப்பீடும் உண்டு. அதாவது ஏற்றிக்கொள்வது ஊழியரின் மனநிலையைப் பொறுத்தது அல்ல, டிக்கெட்டில் எழுதியிருக்கும் பொறுப்பு. கேட்பவரின் குரலும் மாறுகிறது. தயவுசெய்து என்று கெஞ்ச வேண்டாம், முன்பதிவைக் காட்டினால் போதும்.

நீண்டதூர ரயிலுக்கு முன்பதிவு சரி. நகர ரயிலுக்கும் பேருந்துக்கும் அது ஒத்துவராது, யாரும் அப்படித் திட்டமிட்டுப் போவதில்லை. அங்கே நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பாதையிலும் அன்றைய கடைசி ரயிலும் கடைசிப் பேருந்தும், தாங்கி நிரம்பியிருந்தாலும், வருகிற சைக்கிளை மறுக்கக் கூடாது. அந்த நேரத்தில் பெரும்பாலும் உள்ளே ஆள் குறைவு. தாங்கி நிரம்பினால் சக்கர நாற்காலிக்கான இடம் காலியாக இருக்கிறதா என்று பார்த்து அங்கே நிறுத்தலாம், தேவைப்படுபவர் வந்தால் உடனே விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. பேருந்துக்குள் சைக்கிளை விட முடியாத பாதுகாப்புக் காரணம் உண்மையிலேயே இருந்தால், ஆளை ஏற்றிக்கொண்டு சைக்கிளை மறுநாள் காலைவரை பணிமனையில் பூட்டி வைக்கச் சீட்டு ஒன்று எழுதித் தரலாம். இந்த விதியைக் கால அட்டவணையின் கடைசி வரியில், கடைசிச் சேவையின் நேரத்துக்குப் பக்கத்திலேயே அச்சிட்டால் டிரைவரும் பயணியும் அந்த நேரத்தில் வாதாட வேண்டியிருக்காது.